எண்ணிக் காட்டிய வைத்தியர்: சேர் பீற்றர் ஃபிரேயரின் வாழ்வு

முதுமையில் ஆண்களை வருத்தும் நோய்களுள் மிகவும் மறைத்து வைக்கப்படுவது சிறுநீர்த் தடையாகும். இரவில் நான்கைந்து தடவை எழுந்து செல்வதும், நெடுநேரம் நின்று சொட்டுச் சொட்டாகக் கழிப்பதும், கழித்த பின்னரும் மிச்சம் இருப்பதுபோல் உணர்வதும் வயதின் இயல்பு என்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். நோட்டன் பிரிட்ஜ், லக்ஷபான, மஸ்கெலியா போன்ற மலையகப் பிரதேசங்களின் தோட்ட லயன்களில் இத்துன்பம் இருமடங்காகின்றது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கையில், குளிரிலும் மழையிலும் இருட்டில் படியிறங்கிச் செல்ல வேண்டிய முதியவரின் நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஹட்டன் வரை போய்வர அஞ்சித் திருவிழாவுக்கும் மரண வீட்டுக்கும் செல்லாதிருப்போர் உளர். சிறுநீர் கசிவதால் வுழூ நிலைக்காது என்றஞ்சி ஜமாஅத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வதை நிறுத்திக்கொண்ட பெரியவர்களும் உளர்.

இத்துன்பத்திற்குப் பெரும்பாலும் காரணமாவது புரொஸ்டேட் என்னும் சுரப்பியின் வீக்கமாகும். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் போல் அமைந்துள்ள இச்சுரப்பி, நடுவயதைக் கடந்த பின்னர் மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்குகின்றது. இது புற்றுநோயன்று. எனினும் உள்நோக்கிப் பருத்துக் குழாயை நெருக்கும்போது சிறுநீரின் வழி அடைபடுகின்றது. முற்றாக அடைபட்டால் வயிறு உப்பி, வலி தாங்காது நோயாளி துடிக்க நேரிடும். கவனியாது விட்டால் சிறுநீரகங்களும் பழுதடையும்.

நம் முன்னோர் இதனை நீரடைப்பு, நீர்க்கட்டு என்றெல்லாம் அறிந்திருந்தனர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகின் எந்த நாட்டிலும் இதற்கு நம்பத்தக்க நிரந்தரத் தீர்வு பரவலாகக் கிடைக்கவில்லை. அந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையாகப் பேசப்படுபவர் சேர் பீற்றர் ஜோன்ஸ்டன் ஃபிரேயர் ஆவார். அவரது புகழ் இலண்டனில் பரவியது என்றாலும், அவரது கை பழகியது இந்திய மண்ணில். அவரது வாழ்வு பெருமைக்கும் குறைக்கும் ஒருங்கே இடமளிப்பது. அதனாலேயே இன்றும் நாம் அறிந்துகொள்ளத்தக்கது.

1851 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி அயர்லாந்தின் மேற்குக் கரையில், கோல்வே மாவட்டத்தில் கிளிஃப்டன் என்ற சிற்றூரின் அருகே ஃபிரேயர் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்ததால் பல இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்ட பெரும் பஞ்சத்தின் வடு ஆறாத காலம் அது. அவரது குடும்பம் செல்வக் குடும்பமன்று. கல்வி ஒன்றே கைகொடுக்கும் என்பதை உணர்ந்திருந்த அவர், கோல்வே குயின்ஸ் கல்லூரியில் பயின்று 1872 இல் கலைப் பட்டமும் 1874 இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவ சேவைக்கான போட்டிப் பரீட்சையில் முதலிடம் பெற்று இந்தியா வந்து சேர்ந்தார்.

அக்காலத்தை நமது மண்ணோடு பொருத்திப் பார்த்தல் நன்று. இலங்கையின் கோப்பித் தோட்டங்களை இலை நோய் அரித்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் காடும் மேடும் கடந்து மலையகம் ஏறிக்கொண்டிருந்தனர். வழியிலும் தோட்டங்களிலும் அவர்கள் நோயால் மடிந்ததன் விளைவாகவே 1872 இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வட இந்தியாவில் ஃபிரேயர் கண்ட ஏழைகளும் இவர்களைப் போன்றோரே. தானியத்தை மட்டுமே பெரிதும் நம்பி வாழ்ந்த அவர்களிடையே, குறிப்பாகச் சிறுவர்களிடையே, சிறுநீர்ப்பைக் கல் பரவலாகக் காணப்பட்டது.

கல்லடைப்பு மிகப் பழைய நோய். கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சுஸ்ருதரின் நூல் விவரிக்கின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயினின் கொர்தோபா அருகே வாழ்ந்த அல் ஸஹ்ராவி, இதற்கான கருவிகளைத் தம் நூலில் படங்களுடன் விளக்கினார். அம்முறைகளிலெல்லாம் உடலை அறுக்க வேண்டியிருந்தது. 1878 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியரான ஹென்றி பிகலோ, சிறுநீர்க் குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கி, துகள்களை ஒரே தடவையில் உறிஞ்சி வெளியேற்றும் முறையை அறிவித்தார். வெட்டுக் காயமில்லாத இம்முறையை இந்தியாவில் பெருமளவில் செய்துகாட்டியவர்களுள் ஃபிரேயர் முக்கியமானவர். மொராதாபாத், அலகாபாத், முசூரி, பனாரஸ் முதலிய ஊர்களில் பணிபுரிந்த அவர், நூற்றுக்கணக்கான நோயாளர்களுக்கு இச்சிகிச்சையை அளித்தார். செய்தவற்றைப் பட்டியலிட்டு, பிழைத்தோர் எத்தனை, இறந்தோர் எத்தனை என்று எழுதி வெளியிடும் வழக்கம் அங்கேயே அவருக்கு உண்டாயிற்று.

அந்நாட்களில் அவரது பெயரைப் பலரும் பேசச் செய்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. இராம்பூர் நவாபுக்கு அவர் அளித்த சிகிச்சை வெற்றியடைந்தது. மகிழ்ந்த நவாப் பெருந்தொகையை அவருக்கு வெகுமதியாக வழங்கினார். அரச ஊழியர் ஒருவர் சமஸ்தான மன்னரிடம் இத்துணைப் பெரிய தொகையைப் பெறலாமா என்ற கேள்வி எழுந்து, மேலதிகாரிகளுடன் அவருக்குப் பிணக்கு ஏற்பட்டது. நவாபின் பெயர் இவ்வாறு மருத்துவ வரலாற்றில் இடம்பெற்று விட்டது. ஆனால் அதே கைக்குப் பயிற்சியளித்த ஏழைச் சிறுவர்களும் முதியவர்களும் எண்களாக மட்டுமே ஏடுகளில் எஞ்சினர். பின்னர் இலண்டனில் ஃபிரேயர் காட்டிய துணிவும் வேகமும் அந்தப் பெயரற்றவர்களின் உடல்களில் பழகியவை என்பதை நாம் மறத்தலாகாது.

இருபது ஆண்டுச் சேவையின் பின்னர் 1896 இல் ஓய்வுபெற்று இலண்டன் திரும்பிய ஃபிரேயர், மறு ஆண்டு புனித பீற்றர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சையாளராக இணைந்தார். கல்லடைப்பு உள்ளிட்ட சிறுநீர் நோய்களுக்கென்றே நிறுவப்பட்ட வைத்தியசாலை அது. அங்கு வந்த முதியவர்களுள் பெரும்பாலானோரின் துயரம் புரொஸ்டேட் வீக்கமாக இருந்தது.

அன்றைய நிலை பரிதாபமானது. சிறுநீர் அடைபட்டவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் பல தடவை தாமே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். குழாய் வழியே கிருமி நுழையும்; காய்ச்சல் வரும்; சில ஆண்டுகளில் மரணம் நேரும். வேறு சிலர் விபரீதமான வழியையும் நாடினர். விரைகளை அகற்றினால் புரொஸ்டேட் சுருங்கும் என்று அமெரிக்க வைத்தியர் வில்லியம் வைற் 1893 இல் முன்வைத்த கருத்தை ஏற்று, அடுத்த சில ஆண்டுகளில் பலருக்கு அச்சிகிச்சை செய்யப்பட்டது. எடுத்த எடுப்பில் வெற்றியென்று போற்றப்பட்ட அது, மரணங்களும் பாதிப்புகளும் கணக்கில் வந்தபோது கைவிடப்பட்டது. ஆர்வம் முந்தி, எண்ணிக்கை பிந்தினால் நோயாளரே விலை கொடுக்க நேரும் என்பதற்கு இது நல்ல சான்று எனலாம்.

1900 ஆம் ஆண்டு டிசம்பர் முதலாந் திகதி, நெடுங்காலம் குழாயை நம்பி வாழ்ந்த 69 வயது முதியவர் ஒருவருக்கு ஃபிரேயர் சத்திரசிகிச்சை செய்தார். அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பைக்குள் விரலைச் செலுத்தி, பருத்திருந்த சுரப்பியை அதன் உறையிலிருந்து பழத்தின் சுளையை உரிப்பதுபோல் பிரித்தெடுத்தார். மறு கையின் விரல் மலவாயில் வழியாகச் சுரப்பியை மேலே தள்ளிக் கொடுத்தது. பின்னர் தடித்த இறப்பர்க் குழாயொன்றைப் பொருத்தி, குருதியும் சிறுநீரும் வெளியேற வழி செய்து, நீரால் கழுவிக்கொண்டிருந்தனர். முதியவர் பிழைத்தார், குழாயின்றி இயல்பாகச் சிறுநீர் கழித்தார்.

1901 இல் இத்தகைய நான்கு நோயாளரின் விபரங்களை அவர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். அதன் பின்னர் ஓயாது எண்ணினார். ஒவ்வொரு தொகுதியாக நோயாளரின் வயது, சுரப்பியின் நிறை, முடிவு ஆகியவற்றை வெளியிட்டுக்கொண்டே வந்தார். 1912 இல் ஆயிரம் நோயாளர் என்ற எல்லையை எட்டினார். அவர்களுள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் அளவில் இறந்தனர் என்பதையும் மறைக்காது எழுதினார். இன்றைய அளவுகோலில் இது பெரிய எண். நுண்ணுயிர் கொல்லி மருந்தும் இரத்த வங்கியும் இல்லாத அக்காலத்தில், மரணத்தை எதிர்நோக்கியிருந்த முதியவர்களிடையே இது வியக்கத்தக்க எண்ணாகும். பிற வைத்தியர்களின் கைகளில் அதே சிகிச்சை இதைவிடக் கூடுதலான உயிர்களைப் பறித்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஃபிரேயரின் குறையும் இங்கேயே தொடங்குகின்றது. இச்சிகிச்சையை முதலில் கண்டவர் தாமே என்று அவர் உரிமை கோரினார். உண்மை அவ்வாறன்று. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மக்கில் என்பவர் 1880களிலேயே சிறுநீர்ப்பை வழியாகச் சுரப்பியின் பகுதிகளை அகற்றியிருந்தார். நியூயோர்க் நகரின் யூஜின் ஃபுல்லர், விரலால் சுரப்பியைப் பிரித்தெடுக்கும் முறையைச் செய்து 1895 இல் ஆறு நோயாளரின் விபரங்களுடன் வெளியிட்டிருந்தார். ஃபுல்லரின் முறையை நன்கறிந்த கித்தேராஸ் என்ற அமெரிக்க வைத்தியர் 1900 இல் இலண்டன் வந்தபோது அதனை ஃபிரேயருக்கு எடுத்துரைத்தார் என்பதும் பதிவாகியுள்ளது. ஃபிரேயரோ தமது முறை முற்றிலும் வேறு என்று வாதிட்டார். பிறர் சுரப்பியின் ஒரு பகுதியையே நீக்கினர், தாம் முழுவதையும் நீக்குவதாக அவர் கூறியதும் உடற்கூற்று வல்லுநர்களால் மறுக்கப்பட்டது. அவர் நீக்கியது பருத்த உட்பகுதியைத்தான். நெருக்குண்டு மெலிந்த உண்மையான சுரப்பி உடலிலேயே எஞ்சியிருந்தது. நோயாளர் குணமடைந்ததற்கு அது தடையாகவில்லை. அவரது உரிமைக் கோரிக்கைக்கு மட்டுமே அது தடையாயிற்று.

இவ்வாறு ஒரே மனிதரிடம் இரு குணங்களைக் காண்கின்றோம். தம் கையால் இறந்தோரை எண்ணிச் சொல்வதற்கு அவர் தயங்கவில்லை. தமக்கு முன் சென்றோரை எண்ணிச் சொல்வதற்கு மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. முன்னைய குணத்தால் ஒரு நோயின் தலைவிதி மாறியது. பின்னைய குணத்தால் அவரது பெயரில் ஒரு கறை படிந்தது.

முதலாம் உலகப் போரின்போது மீண்டும் இராணுவ மருத்துவப் பணியில் ஈடுபட்ட ஃபிரேயருக்கு 1917 இல் சேர் பட்டம் வழங்கப்பட்டது. 1920 இல் இங்கிலாந்தின் அரச மருத்துவக் கழகம் சிறுநீரியல் பிரிவை அமைத்தபோது அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி தமது 70 ஆவது வயதில் காலமானார். அவரது உடல் பிறந்த மண்ணான கிளிஃப்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது. அவர் பயின்ற கோல்வேயில் அவரது பெயரால் ஆண்டுதோறும் சத்திரசிகிச்சை மாநாடு நடத்தப்பட்டு வருகின்றது.

அவருக்குப் பின்னர் சிகிச்சை வெகுதூரம் முன்னேறி விட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த மற்றொருவரான டெரன்ஸ் மில்லின், சிறுநீர்ப்பையைத் திறவாமலே சுரப்பியை அணுகும் முறையை 1945 இல் அறிவித்தார். வயிற்றை வெட்டாது, சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் செதுக்கி எடுக்கும் முறை அதற்கு முன்னரே அமெரிக்காவில் உருவாகிப் பிற்காலத்தில் எங்கும் பரவியது. 1990களில் மாத்திரைகள் வந்தன. அவற்றுள் ஒரு வகை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகின்றது. மற்றொரு வகை சுரப்பியையே மெல்லச் சுருக்குகின்றது.

ஆய்வு முறையும் மாறியது. ஒரு வைத்தியர் தம் நோயாளரைத் தாமே எண்ணும் முறையில் ஓர் அபாயமுண்டு. நல்ல உடல்நிலை உள்ளோரைத் தெரிவு செய்திருக்கலாம். சிகிச்சை இன்றியே சிலர் தேறியிருக்கலாம். ஆதலால், நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மருந்தும் மறு பிரிவினருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்பது நோயாளருக்கோ வைத்தியருக்கோ தெரியாதவாறு ஒப்பிடும் வழக்கம் நிலைபெற்றது. புரொஸ்டேட் வீக்கத்தில் இம்முறை இன்றியமையாதது. ஏனெனில் வெறும் மாத்திரை உண்பவர்களிலும் பலர் தமக்குச் சுகம் ஏற்பட்டதாக உணர்கின்றனர்.

இவ்வாய்வுகள் கூறுவன யாவை? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் 556 பேரிடம் நடத்தப்பட்டு 1995 இல் வெளியான ஆய்வில், நடுத்தரத் தொல்லை உள்ளோருக்குச் சத்திரசிகிச்சை கூடுதல் பயனளித்தது. எனினும், தொல்லை அதிகம் பாதிக்காதவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில் காத்திருப்பதும் ஏற்கத்தக்கதே என்று தெரிந்தது. 2003 இல் வெளியான ஆய்வில் 3,047 பேர் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனிக்கப்பட்டனர். இருவகை மாத்திரைகளையும் சேர்த்து உண்டோரிடம் நோய் முற்றுவது, வெறும் மாத்திரை உண்டோரைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. மூலிகை மருந்தாக உலகெங்கும் விற்பனையாகும் சோ பல்மெட்டோ என்ற பனையினத்தின் சாற்றை, 2006 இல் வெளியான ஆய்வில் 225 பேரிடமும், 2011 இல் வெளியான ஆய்வில் 369 பேரிடமும் சோதித்தனர். இரு தடவையும் வெறும் மாத்திரையை விட அது மேலானதாகக் காணப்படவில்லை. இரண்டாவது ஆய்வில் அளவை மூன்று மடங்காக்கியும் பயன் கிட்டவில்லை.

நமது மக்களுக்கு இச்செய்தி மிகவும் வேண்டியது. தோட்டத்து முதியவர் ஒருவர் தம் ஓய்வுக்காலச் சிறு சேமிப்பிலிருந்து போத்தல் போத்தலாக மருந்து வாங்கி அருந்துகின்றார். யாரோ ஒருவருக்குச் சுகம் கிடைத்தது என்ற பேச்சே அதற்கு ஆதாரம். எத்தனை பேர் உண்டனர், அவர்களுள் எத்தனை பேர் தேறினர், தேறாதவர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளை எந்த மருந்தின் மீதும் நாம் கேட்க வேண்டும். ஆங்கில மருந்தாயினும் நாட்டு மருந்தாயினும் இக்கேள்விகளுக்குப் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளது. மருந்து விற்போர் பதில் கூறாவிடின் பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்வது நலம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபிரேயரின் கால ஏழைகளிடம் யாரும் சம்மதம் கேட்டறியவில்லை. இன்று மருத்துவ ஆய்வொன்றில் சேர அழைக்கப்படும் எவருக்கும், அது இன்னதென்று தம் தாய்மொழியில் கேட்டறியவும், வேண்டாம் என்று மறுக்கவும், இடையில் விலகவும் உரிமையுண்டு. மறுத்ததற்காகச் சிகிச்சை மறுக்கப்படலாகாது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம் இட்டுப் பழகிய சமூகம் இவ்வுரிமையை நன்கு மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

நோட்டன் பிரிட்ஜ் பகுதி மக்கள் அணைக்கட்டின் இயல்பை அறிவர். விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தில் நீர் மட்டம் ஏறினால் வான்கதவைத் திறந்தாக வேண்டும். மனித உடலில் அத்தகைய கதவு இல்லை. அடைபட்ட நீர் மேல்நோக்கி அழுத்திச் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றது. கவனிக்கப்படாத நீரிழிவு நோயும் சிலவேளைகளில் புற்றுநோயும் இதே அறிகுறிகளுடன் மறைந்திருக்கக்கூடும். ஆகவே, இரவில் பலமுறை எழ நேர்ந்தால், சிறுநீரில் இரத்தம் கண்டால், தாரை மெலிந்து நின்று நின்று வந்தால், வெட்கத்தைப் புறந்தள்ளி வைத்தியரிடம் கூற வேண்டும். நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. சிறுநீர் முற்றாக அடைபட்டால் விடியும்வரை காத்திருக்கலாகாது.

தந்தை இரவில் எழுந்து செல்லும் ஓசையைப் பிள்ளைகளும் மருமக்களும் கேட்டே இருப்பர். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். பிள்ளைகளே கேட்க வேண்டும். கிளினிக்குக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். கசிவுள்ள நோயாளருக்குத் தொழுகையில் மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது என்பதை ஆலிம்கள் பெரியவர்களுக்கு எடுத்துக்கூறலாம். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் முதியோருக்கான சிறுநீரியல் பரிசோதனையை மலையகத்து வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவர வலியுறுத்தலாம். அயர்லாந்துப் பஞ்ச பூமியில் பிறந்த ஒருவர், வட இந்திய ஏழைகளிடம் கற்று, இலண்டன் முதியவர்களுக்கு அளித்த விடுதலை உலகுக்குப் பொதுவானது. ஒன்றேகால் நூற்றாண்டு கடந்த பின்னரும் லயன் அறையில் ஒரு முதியவர் வெட்கத்தால் அதனை இழப்பாராயின், அப்பொறுப்பில் நம் எல்லோருக்கும் பங்குண்டு.